கரும்பலகையில் ஒரு முக்கோணம்

பழைய மாணவர் மலருக்கு ஏதாவது எழுது என்று சங்கச் செயலாளர் கேட்டதும் எனக்கு முதலில் ஞாபகம் வந்தது விடுதி அறையும், இரவு விளக்கணைத்த பிறகும் அடங்காத எங்கள் சண்டையும்தான். ஹெவிவெயிட், அதாவது மிக அதிக எடைப் பிரிவுக் குத்துச்சண்டையில் எல்லாக் காலத்துக்கும் பெரியவன் யார் என்பதே சண்டை. நாங்கள் நான்கு பேர், ஆளுக்கு ஒரு கட்சி.

நான் மைக் டைசன் கட்சி. 1989-இல் பதினாறு வயதுப் பையன் வேறு யார் பக்கம் நிற்பான்? 20 வயதில் உலக சாம்பியன் ஆனவர், தோல்வியே காணாத மைக்கேல் ஸ்பிங்ஸை 91 விநாடியில் வீழ்த்தியவர். மேல் கட்டில்காரன் ஜோ லூயிஸ் கட்சி. 1937-இலிருந்து 1949 வரை பட்டம் அவரிடமே இருந்தது, 25 முறை தக்கவைத்தார், இதை ஹெவிவெயிட்டில் ஒருத்தன் தொடட்டும் பார்க்கலாம் என்பான். அவன் சொன்னது இன்றைக்கும் செல்லும், இன்னும் யாரும் தொடவில்லை. மூன்றாமவனுக்கு ராக்கி மார்சியானோ. 49 போட்டி, 49 வெற்றி, அதற்கு மேல் பேச என்ன இருக்கிறது என்று திரும்பிப் படுத்துக்கொள்வான். நான்காமவன் முகமது அலி கட்சி, ஆனால் எங்கள் சத்தத்தில் அவன் குரல் எடுபடாது.

ஒரு நாள் எனக்கு ஒரு வாதம் கிடைத்தது. அலி கடைசியாக ஆடிய போட்டி 1981-இல், டிரெவர் பெர்பிக்கிடம் தோற்றார். அதே பெர்பிக்கை 1986-இல் டைசன் இரண்டாவது சுற்றிலேயே முடித்துவிட்டார், எழுந்து நிற்க முடியாமல் அந்த மனிதர் வளையத்துக்குள் தடுமாறித் தடுமாறி விழுந்தார். அலியை வென்றவனை வென்றவன் டைசன், எனவே டைசன் பெரியவன். இதை வகுப்பில் கணக்கு ஆசிரியர் வருவதற்கு முன் உரக்கச் சொல்லிக்கொண்டிருந்தபோது அவர் வாசலில் நின்று கேட்டுவிட்டார்.

திட்டுவார் என்று நினைத்தோம். அவர் சாக்பீஸை எடுத்து மூன்று பெயர்களை முக்கோணமாக எழுதினார்: ஃபிரேசியர், அலி, ஃபோர்மன். 1971-இல் ஃபிரேசியர் அலியை வென்றார், ஒரு அம்புக்குறி. 1973-இல் ஃபோர்மன் ஃபிரேசியரை இரண்டே சுற்றில் ஆறு முறை கீழே தள்ளி வென்றார், இன்னொரு அம்புக்குறி. 1974-இல் அலி ஃபோர்மனை எட்டாவது சுற்றில் நாக் அவுட் செய்தார், மூன்றாவது அம்புக்குறி. சுற்றி வந்துவிட்டது. "ஐந்து மூன்றை விடப் பெரிது, மூன்று இரண்டை விடப் பெரிது, அதனால் ஐந்து இரண்டை விடப் பெரிது. இது எண்ணுக்குச் சரிடா. ஆளுக்குச் சரிவராது" என்று சொல்லிவிட்டுப் பலகையைத் துடைத்துப் பாடத்தைத் தொடங்கினார். கென் நார்ட்டனையும் சேர்த்திருந்தால் படம் இன்னும் சிக்கலாகியிருக்கும். 1973-இல் அலியின் தாடையை உடைத்து வென்றவர் நார்ட்டன், அடுத்த வருடம் ஃபோர்மனிடம் இரண்டு சுற்றுகூடத் தாங்கவில்லை.

அதற்கு அப்புறம் வந்தது 1990 பிப்ரவரி. டோக்கியோவில் பஸ்டர் டக்ளஸ் டைசனைப் பத்தாவது சுற்றில் வீழ்த்தினார். வாசகசாலையில் செய்தித்தாளை மூன்று தடவை படித்தேன். டக்ளஸ் சில வாரங்களுக்கு முன்புதான் தாயை இழந்திருந்தார், எட்டாவது சுற்றில் கீழே விழுந்தும் எழுந்து நின்றார், அந்த நீண்ட இடக்கையால் டைசனை நெருங்கவே விடவில்லை. அன்று இரவு அறையில் யாரும் என்னைச் சீண்டவில்லை. மேல் கட்டிலிலிருந்து ஒரு குரல் மட்டும் வந்தது: "திரும்ப மோதுவான் மச்சான், அப்போ பார்ப்போம்." அந்த மறுமோதல் நடக்கவே இல்லை. டக்ளஸ் அதே ஆண்டு எவாண்டர் ஹோலிஃபீல்ட் என்ற இன்னொரு வீரரிடம் பட்டத்தை விட்டுவிட்டார், பின்னால் டைசனும் ஹோலிஃபீல்டிடம் இரண்டு முறை தோற்றார்.

நான் அலி கட்சிக்கு மாறியது அங்கேதான். யார் எத்தனை பேரை வென்றான் என்பதை விட, தன்னை வென்றவனிடம் திரும்பிப் போய் என்ன செய்தான் என்று பார்க்க ஆரம்பித்தேன். அலி தோற்றது ஐந்து முறை. ஃபிரேசியரை அதன் பிறகு இரண்டு முறை வென்றார், 1975-இல் மணிலாவில் பதினைந்தாவது சுற்றுக்கு ஃபிரேசியரை அவருடைய பயிற்சியாளரே அனுப்ப மறுத்துவிட்டார். நார்ட்டனையும் இரண்டு முறை வென்றார், அதில் 1976 போட்டித் தீர்ப்பு சரியில்லை என்று சொல்பவர்கள் நிறைய, எனக்கும் அந்தச் சந்தேகம் உண்டு. லியோன் ஸ்பிங்ஸிடம் தோற்றுச் சில மாதத்தில் அவரிடமிருந்தே பட்டத்தைத் திரும்ப வாங்கினார். மிச்சம் இரண்டு தோல்விகளும், ஹோம்ஸிடமும் பெர்பிக்கிடமும், உடம்பு முடிந்துபோன காலத்தில் வந்தவை. இதெல்லாம் வியட்நாம் போருக்குப் போக மறுத்ததற்காக மூன்றரை ஆண்டு வளையத்துக்கு வெளியே நிறுத்தப்பட்டுத் திரும்பிய பிறகு, கால்களின் பழைய வேகம் போன பிறகு நடந்தவை என்பதுதான் எனக்கு முக்கியம்.

மார்சியானோ கட்சிக்காரன் கோபித்துக்கொள்ளக் கூடாது. மார்சியானோவின் எடை 84 கிலோதான், அந்த உடம்போடு தோல்வியே இல்லாமல் ஓய்வு பெற்றது பெரிய விஷயம். ஆனால் 1951-இல் அவர் வீழ்த்திய ஜோ லூயிஸுக்கு வயது 37.

மேல் கட்டில்காரன் இப்போது வேறொரு கண்டத்தில் இருக்கிறான். ஜோ லூயிஸை அவன் விடவில்லை. என் அளவுகோலே அவனுக்கும் உதவுகிறது, 1936-இல் தன்னை வீழ்த்திய ஷ்மெலிங்கை லூயிஸ் 1938-இல் முதல் சுற்றிலேயே முடித்தாரே என்கிறான். 2024-இல் உசிக் ஃபியூரியை வென்று நான்கு குத்துச்சண்டை அமைப்புகளின் ஹெவிவெயிட் பட்டங்களையும் சேர்த்த அன்று அழைத்து ஒரு புதிய குண்டைப் போட்டான்: "உன் கணக்குப்படி பார்த்தால் பெரியவன் லெனாக்ஸ் லூயிஸ்தான்டா. அவன் தோற்றதே ரெண்டு பேர்கிட்ட, ரெண்டு பேரையும் திரும்ப அடிச்சான். மோதின ஒருத்தனையும் வெல்லாம விடல." உண்மைதான். ஜோ லூயிஸுக்குப் பல காலம் பின்னால் வந்த சாம்பியன் லெனாக்ஸ், தன்னை வென்ற மெக்கால், ரஹ்மான் இருவரையும் திரும்ப வென்றார், ஹோலிஃபீல்டோடு சமன் ஆனதையும் அதே ஆண்டில் வெற்றியாக்கினார்.

நான் அவனிடம் கேட்டது ஒன்றே ஒன்று. 1974 அக்டோபரில் கின்ஷாசாவில் ஃபோர்மனுக்கு வயது 25, 40 போட்டியில் 40 வெற்றி, 37 நாக் அவுட். எதிரே 32 வயது அலி, கயிற்றில் சாய்ந்து அடியை வாங்கி வாங்கி அவரைக் களைக்க வைத்து எட்டாவது சுற்றில் விழ வைத்தார். லெனாக்ஸ் டைசனை வென்றது 2002-இல், டைசனுக்கு 35 வயதில். உச்சத்தில் நின்ற ஒரு ஃபோர்மனை லெனாக்ஸ் எங்கே சந்தித்தார்? இதற்கு அவன் இன்னும் பதில் சொல்லவில்லை. எங்கள் வகுப்பில் லெனாக்ஸ் பக்கம் வேறு யாராவது இருந்தால் அடுத்த மலரில் எழுதுங்கள், படிக்கக் காத்திருக்கிறேன்.