பூஸ்டர் ஊசி: தள்ளிப்போனால் தொடரலாம், முந்தினால் கணக்கில் வராது

முதல் ஆறு மாதத் தடுப்பூசிகளை எவரும் அவ்வளவாகத் தவறவிடுவதில்லை. எடை பார்க்க, சளிக்கு என்று மருத்துவரிடம் போய்க்கொண்டே இருப்போம். போகும்போதெல்லாம் யாராவது தடுப்பூசி அட்டையைக் கேட்பார்கள். சிக்கல் அதற்குப் பிறகுதான். ஒன்றரை வயதில் ஒன்று, பள்ளியில் சேரும் வயதில் ஒன்று, பத்து வயதை ஒட்டி ஒன்று என்று இடைவெளி வருடக்கணக்கில் நீள்கிறது. குழந்தை நன்றாக ஓடியாடிக்கொண்டிருக்கும். நினைவூட்ட ஒருவரும் இருக்கமாட்டார்கள்.

அடிப்படைக் கணக்கு இது. தொண்டை அடைப்பான் (டிப்தீரியா), கக்குவான் இருமல், ரணஜன்னி (டெட்டனஸ்) மூன்றுக்குமான முத்தடுப்பு ஊசியில் கைக்குழந்தைப் பருவத்தில் 3 தவணை. அதற்கு மேல் எதிர்ப்புசக்தியைப் புதுப்பிக்கும் 3 பூஸ்டர்: 12 முதல் 23 மாதத்துக்குள் ஒன்று, 4 முதல் 7 வயதுக்குள் ஒன்று, 9 முதல் 15 வயதுக்குள் ஒன்று. உலக சுகாதார நிறுவனத்தின் பரிந்துரை இதுதான். நாட்டுக்கு நாடு மாதங்கள் சற்று மாறும், போலியோ, ஹிப், நிமோகாக்கல் (பின்னிரண்டும் நிமோனியா, மூளைக்காய்ச்சல் தரும் பாக்டீரியாக்களுக்கானவை) பூஸ்டர்கள் எப்போது என்பதும் மாறும். ஆகவே உங்கள் கையில் இருக்கும் அட்டவணையையே பின்பற்றுங்கள். இன்னொரு நாட்டு அட்டவணையோடு ஒப்பிட்டுக் குழம்ப வேண்டாம்.

முதல் மூன்று தவணையே போதாதா? போதாது. அவை உடலுக்குக் கிருமியை அறிமுகம் செய்கின்றன. கிருமியை நினைவில் வைத்திருக்கும் செல்கள் பக்குவப்பட 4 முதல் 6 மாதம் ஆகிறது. பக்குவப்பட்ட பிறகு மீண்டும் அதே கிருமியின் கூறு உள்ளே வந்தால்தான் எதிர்ப்புசக்தி பல மடங்கு எகிறி, நீண்ட நாள் நிற்கும். அதனால்தான் மூன்றாம் தவணைக்கும் முதல் பூஸ்டருக்கும் நடுவே 6 மாத இடைவெளி வைத்திருக்கிறார்கள். இந்த மூன்று நோய்களில் ரணஜன்னியைத் தனியாகச் சொல்ல வேண்டும். அது ஆளிடமிருந்து ஆளுக்குப் பரவுவதில்லை. அதன் வித்துகள் மண்ணில் கிடக்கின்றன. ஊரே ஊசி போட்டுக்கொண்டாலும், போடாத ஒரு குழந்தைக்கு அந்தப் பாதுகாப்பு எட்டாது. ஒருமுறை ரணஜன்னி வந்து பிழைத்தவருக்குக்கூட எதிர்ப்புசக்தி உண்டாவதில்லை, அவரும் ஊசி போட்டுக்கொண்டுதான் ஆகவேண்டும்.

தட்டம்மை ஊசியின் இரண்டாம் தவணையை எல்லோரும் பூஸ்டர் என்கிறோம். உண்மையில் அதன் வேலை வேறு. 9 மாதத்தில் போட்டால் சுமார் 85 சதவீதக் குழந்தைகளுக்குத்தான் முதல் ஊசி பிடிக்கிறது, அதாவது எதிர்ப்புசக்தி உண்டாகிறது, 12 மாதத்தில் போட்டால் 95 சதவீதம் வரை. பிடிக்காமல் போனவர்களைப் பிடிக்கத்தான் இரண்டாவது. எந்தக் குழந்தைக்குப் பிடிக்கவில்லை என்று பார்த்துத் தெரிந்துகொள்ள வழியில்லை என்பதால் எல்லோருக்கும் போடுகிறார்கள். ‘ஒன்று போட்டாயிற்று, அது போதும்’ என்ற பேச்சு இந்த ஊசியில் எடுபடாது.

இனி தேதி விஷயம். அதிகம் குழப்பிக்கொள்வது இங்கேதான்.

ஊசி தள்ளிப்போய்விட்டால் முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டியதில்லை. விட்ட இடத்திலிருந்து தொடரலாம், இடையில் எத்தனை மாதம் போயிருந்தாலும் சரி. போட்ட தவணை போட்டதுதான். ‘ரொம்ப லேட் ஆகிவிட்டது, இனி போட்டு என்ன’ என்று விட்டுவிடுவதுதான் பெரிய தவறு. ஆனால் நாளை முன்னுக்கு இழுத்தால் கதை வேறு. ஊருக்குப் போகிறோம், திருமணம் இருக்கிறது என்று குறைந்தபட்ச இடைவெளிக்கு முன்பே போட்டுவிட்டால் அந்தத் தவணை செல்லாது. மறுபடி போட வேண்டியிருக்கும். சில நாடுகளில் 4 நாள் வரை சலுகை தருகிறார்கள், அதை நம்பித் திட்டம் போடாதீர்கள்.

ஒரு கணக்கு பார்ப்போம். குழந்தைக்குக் காய்ச்சல், வீடு மாற்றம் என்று மூன்றாவது தவணை தள்ளிப்போய் ஆகஸ்ட் 5 அன்று போடப்பட்டது. அட்டையில் அச்சடித்த பூஸ்டர் மாதம் டிசம்பராக இருக்கலாம். அந்த டிசம்பரில் போகாதீர்கள். ஆகஸ்ட் 5 இலிருந்து 6 மாதம் எண்ணினால் பிப்ரவரி 5. அன்றோ அதற்குப் பிறகோதான். பூஸ்டர் தேதியைப் பிறந்த நாளிலிருந்து மட்டும் எண்ணாமல் கடைசியாகப் போட்ட ஊசியிலிருந்தும் எண்ண வேண்டும். இரண்டில் எது பிந்தியதோ அதுதான் உங்கள் தேதி. ‘4 வாரம்’ என்று போட்டிருந்தால் 28 நாள் முழுதாக எண்ணுங்கள்.

உயிருள்ள கிருமியை வலுவிழக்கச் செய்து தயாரித்த ஊசிகளுக்கு இன்னொரு விதி உண்டு. தட்டம்மைக் கூட்டு ஊசியையும் சின்னம்மை ஊசியையும் ஒரே நாளில் போடலாம், இல்லையென்றால் 28 நாள் விட வேண்டும். இடைப்பட்ட நாளில் போட்டால் இரண்டாவதாகப் போட்டது கணக்கில் வராது. குழந்தைக்கு ரத்தமோ இம்யூனோகுளோபுலினோ (எதிர்ப்புப் புரத மருந்து) ஏற்றியிருந்தால் இந்த இரண்டு ஊசிகளும் சில மாதம் தள்ளிப்போகும். அதிக அளவில் ஸ்டீராய்டு இரண்டு வாரமோ அதற்கு மேலோ சாப்பிட்டிருந்தாலும் தள்ளிப்போகும். இதை நீங்களாகச் சொன்னால்தான் ஊசி போடுபவருக்குத் தெரியும்.

7 வயது ஒரு எல்லைக்கோடு. அதுவரை போடும் முத்தடுப்பு ஊசியில் தொண்டை அடைப்பான் மருந்தின் அளவு அதிகம். வயது ஏற ஏற அந்த அளவுக்குக் கை அதிகமாக வீங்கும் என்பதால், 7 வயதுக்கு மேல் அளவு குறைத்த டிடி (Td) அல்லது டிடேப் (Tdap) ஊசி. இரண்டாம் பூஸ்டரை ‘அடுத்த வருடம் பார்த்துக்கொள்ளலாம்’ என்று தள்ளிக்கொண்டே போனால் ஊசியே மாறிவிடும், மருத்துவர் கணக்கைப் புதிதாகப் பார்க்க வேண்டிவரும்.

அட்டைக்கு வருவோம். கூட்டு ஊசிகள் வந்த பிறகு எழுதும் முறையில்தான் கோளாறு. ஒன்றரை வயதில் ஆறு நோய்க்கான கூட்டு ஊசி போட்டு, ஊசியின் வணிகப் பெயரை மட்டும் முத்தடுப்புக் கட்டத்தில் எழுதிவிடுகிறார்கள். போலியோ கட்டம் காலி. ஊர் மாறி வேறு மருத்துவரிடம் போனால், போலியோ விட்டுப்போயிற்று என்று அவர் இன்னொன்று போடுவார். கூடுதலாக ஒரு போலியோ ஊசியால் பெரிய கெடுதல் இல்லை. ஆனால் ரணஜன்னி ஊசியை நெருக்கி நெருக்கிப் போட்டால் கை தோளிலிருந்து முழங்கை வரை வீங்கிவிடலாம். ஆகவே ஒவ்வொரு முறையும் தேதி, ஊசியின் பெயர், அதில் அடங்கிய நோய்கள், பேட்ச் எண், போட்ட இடம், கையொப்பம் இவ்வளவும் இருக்கிறதா என்று அங்கேயே பார்த்துவிட்டு வெளியே வாருங்கள். ‘பூஸ்டர் 1’ என்றும் ‘4ஆம் தவணை’ என்றும் ஒரே ஊசியை இரண்டு விதமாக எழுதுவதுண்டு, அதையும் கேட்டுத் தெளிவுபடுத்திக்கொள்ளுங்கள். பிறகு அட்டையை இரண்டு பக்கமும் படம் எடுத்து வைத்துவிடுங்கள். எழுத்து இல்லாத தவணையைப் பொதுவாகப் போடாததாகவே கருதுவார்கள், வாய்ச்சொல் செல்லாது.

மூக்கு ஒழுகுகிறது, லேசாக இருமுகிறது, ஆன்டிபயாடிக் ஓடுகிறது என்பதெல்லாம் ஊசியைத் தள்ளிப்போடக் காரணம் ஆகாது. கடும் காய்ச்சலோடு குழந்தை சோர்ந்து கிடந்தால் தெளிந்ததும் போடலாம். முந்தைய தவணைக்கு மூச்சுத்திணறல், உடல் முழுக்கத் தடிப்பு, மயக்கம் வந்திருந்தால் மருத்துவரிடம் பேசாமல் அடுத்ததைப் போடக்கூடாது.

ஊசி போட்டபின் 15 நிமிடம் அங்கேயே இருங்கள். கடுமையான ஒவ்வாமை மிக அரிது, வந்தால் பெரும்பாலும் சீக்கிரமே தொடங்கும். முத்தடுப்பு பூஸ்டருக்குக் காய்ச்சல் ஓரிரு நாளில் வந்து போய்விடும். தட்டம்மை ஊசிக்கு 5 முதல் 12 நாள் கழித்து வரலாம். அதற்குள் ஊசி போட்டதையே மறந்திருப்போம். நான்காம், ஐந்தாம் தவணைகளில் சில குழந்தைகளுக்குக் கையோ தொடையோ முழுவதும் வீங்குவதுண்டு. பார்க்கப் பயமாக இருந்தாலும் தானாக வடிந்துவிடும்.

பாராசிட்டமாலை ஊசிக்கு முன்பே கொடுத்து வைக்க வேண்டாம். காய்ச்சலோ வலியோ வந்தால் கிலோவுக்கு 10 முதல் 15 மில்லிகிராம். 12 கிலோ குழந்தைக்கு ஒரு வேளைக்கு 120 முதல் 180 மில்லிகிராம். வேளைக்கு வேளை குறைந்தது 4 மணி நேரம் விட்டு, நாளுக்கு 4 முறைக்கு மேல் போகாமல். இதில் வழுக்கும் இடம் பாட்டில். 5 மில்லிக்கு 120 மில்லிகிராம் உள்ள சிரப்பும் இருக்கிறது, 250 உள்ளதும் இருக்கிறது. ‘ஒரு ஸ்பூன்’ என்று மனப்பாடமாக ஊற்றினால் அளவு இரட்டிப்பாகிவிடும். ஆஸ்பிரின் பக்கமே போகாதீர்கள்.

பத்து வயதை ஒட்டிய ஊசிதான் அதிகம் விட்டுப்போவது. இந்த வயதில் ஊசிக்குப் பிறகு தலைசுற்றி விழுபவர்கள் உண்டு, உட்காரவைத்தே போடச் சொல்லுங்கள். எல்லாத் தவணையும் போட்ட அட்டை கையில் இருப்பவருக்குச் சுத்தமான சின்னக் காயம் என்றால், கடைசி ரணஜன்னி ஊசி 10 வருடத்துக்குள் இருந்தால் போதும். மண்ணோ துருவோ பட்ட ஆழமான காயம் என்றால் 5 வருடக் கணக்கு. காயத்தோடு போய் நிற்கும்போது ‘கடைசியா எப்போ போட்டீங்க’ என்று கேட்பது இதற்காகத்தான். போனில் இருக்கும் அந்தப் படத்தைக் காட்டினால் வேண்டாத ஒரு ஊசி மிச்சம்.