அம்மாவின் கல்வெட்டு

அம்மா போய் ஏழாம் நாள், மாமா ஒரு பழைய கல்வெட்டைக் கொண்டுவந்து தந்தார். "இதைப் பார்த்து எழுது பிள்ளை. முப்பத்தோராம் நாள் கையில இருக்கவேணும்." அன்றைய கிரியையான அந்தியேட்டிக்கு வருபவர்களுக்கு, கல்வெட்டு என்கிற அந்தச் சிறு நினைவுப் புத்தகத்தைக் கொடுப்பது எங்கள் வழக்கம். படம், வாழ்க்கை வரலாறு, தேவார திருவாசகம், முதல் பக்கத்தில் இறந்த திதியைச் சொல்லும் திதி வெண்பா.

வரலாற்றை ஒரு மணித்தியாலத்தில் எழுதி முடித்தேன். இறைபக்தி மிக்கவர், விருந்தோம்பலில் சிறந்தவர், இன்முகம் மாறாதவர். ரொறன்ரோவிலிருந்து அண்ணா தொலைபேசியில் கேட்டுவிட்டு, கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. "இதில அம்மா எங்கயடி?" என்றார். அழுகை வந்துவிட்டது. கிழித்துப் போட்டேன்.

வெண்பாவுக்காக, வெள்ளவத்தையில் பக்கத்து ஒழுங்கையில் இருக்கும் ஓய்வுபெற்ற தமிழ் மாஸ்டரிடம் போனேன். உயிர் பிரிந்த நேரம் கேட்டார். விடிய நாலரை. தன் பஞ்சாங்கத்தைப் புரட்டி, "அபரபட்சத் துவாதசி. வெண்பாவுக்கு லேசா வரும்" என்றார். அப்புறம் நிமிர்ந்து பார்த்தார். "அம்மா பாக்கிறது வாக்கியமோ, திருக்கணிதமோ?"

எனக்குத் தெரியவில்லை. ஒரே வீட்டில் இத்தனை வருடம் இருந்தும் தெரியவில்லை. வாக்கியம் பழைய சூத்திரங்களின்படி கணிப்பது, திருக்கணிதம் இன்றைய வானியல் கணக்கில் வருவது. ஒரு திதி முடியும் நேரம் இரண்டிலும் சில மணித்தியாலம் வேறுபடலாம். பிழையாகப் பிடித்தால் வருடா வருடம் திவசமும் வேறு நாளில் போய்விடும்.

வீட்டுக்கு வந்து சாமித்தட்டின் கீழே தேடினேன். பிடி அரிசி ரின் பாதி நிரம்பியபடி இருந்தது. உலை வைக்கும்போதெல்லாம் ஒரு பிடி எடுத்து அதில் போடுவார், நிரம்பினால் கோவில் அன்னதானத்துக்கு. அதன் பின்னால் ரப்பர் பான்ட் போட்ட பஞ்சாங்கக் கட்டு. எல்லாம் வாக்கியம். அதன்படி நாலரைக்கு ஏகாதசி முடியவில்லை.

ஓரங்களில் பென்சில் எழுத்து. அப்பாவின் திதி, அம்மம்மாவின் திதி. மாசியில், ஒவ்வொரு வருடமும், "கீழ்வீட்டு நோனா". 83 ஜூலைக் கலவரத்தில் எங்களைத் தன் அறையில் பூட்டி வைத்துக் காப்பாற்றியவர். நான் அப்போது கைக்குழந்தை. மாசியில் ஒரு நாள் அம்மா இன்னொரு விளக்கு வைத்துப் பாற்சோறு பொங்குவது தெரியும். ஏதோ விரதம் என்றே நினைத்திருந்தேன். ஒரு சிங்களத் தாய்க்குத் தானே திதி பார்த்துக் குறித்து வைத்திருக்கிறார். அந்தப் பக்கத்தை மடியில் வைத்துக்கொண்டு வெகுநேரம் இருந்தேன். வரலாற்றை அங்கிருந்துதான் திரும்ப எழுதத் தொடங்கினேன். பிடி அரிசியும் அதில் வந்தது.

மாஸ்டர் வெண்பாவை மாற்ற வேண்டியிருந்தது. ஏகாதசி ஒரே சீரில் நின்றால் கனிச்சீர், வெண்பாவுக்கு ஆகாது. "ஏகா" என்று ஒரு சீரில் நிறுத்தி, "தசி"யை அடுத்த சீருக்குத் தள்ளி, இரண்டு நாள் மினக்கெட்டார். காசு வாங்கவில்லை. புரூஃப் இரண்டு தரம், சரி, அச்சு நேரத்துக்கு வந்துவிட்டது.

அந்தியேட்டியன்று நோனாவின் மகளும் வந்தார். தமிழ் வாசிக்கத் தெரியாது. தன் தாயைப் பற்றிய பந்தியை நான் சிங்களத்தில் சொல்லச் சொல்ல, அந்த வரிகள் மேல் விரலை வைத்தபடியே இருந்தார்.

சித்திரையில் புதுப் பஞ்சாங்கம் வாங்கினேன். வாக்கியம்தான். நோனாவின் நாளையும் அம்மாவின் நாளையும் அவருடைய பென்சிலாலேயே குறித்திருக்கிறேன்.