கோத்தகிரியில் ஒரு காலை

லாங்வுட் சோலைக்குள் பத்தடி நடந்ததும் வெயில் காணாமல் போய்விட்டது.

கூட வந்த படுகர் அண்ணன் குனிந்து, என் சாக்ஸில் ஏறிக்கொண்டிருந்த அட்டையைச் சுண்டிவிட்டார். "காடு ஈரமா இருக்கு தம்பி, நல்லதுதான்." அவ்வளவுதான், நடையைக் கட்டிவிட்டார். எனக்குத்தான் அப்புறம் ஒவ்வொரு அடிக்கும் காலைப் பார்க்க வேண்டியிருந்தது.

சுமார் 116 ஹெக்டேர்தான் இந்தச் சோலை. சுற்றிலும் தேயிலை. அதுவும் பச்சைதான், போட்டோவில் இதைவிட அழகாகக்கூட விழும், ஆனால் மழைத்தண்ணீரைப் பாசியிலும் இலைமக்கிலும் பிடித்து வைத்து மழை ஓய்ந்த பிறகும் ஓடைக்குக் கொஞ்சம் கொஞ்சமாக விடுகிற வேலையைத் தேயிலைச்செடி இந்த அளவுக்குச் செய்யாது. கீழே இருக்கிற ஊர்களுக்குக் குடிநீர் இந்த ஓடைகளிலிருந்துதான்.

1819-ல் அப்போதைய கோவை கலெக்டர் ஜான் சல்லிவன் வந்து வீடு கட்டிய கன்னேரிமுக்கு பக்கத்தில்தான். நீலகிரியின் கதையை அங்கிருந்தே தொடங்குகிறோம். சோலையும் படுகர்களும் அதற்கு எவ்வளவோ முன்பிருந்தே இங்கே இருக்கிறார்கள்.

படுகர்களின் தெய்வமான எத்தையம்மன் பண்டிகைக்கு வெள்ளை உடுத்திக்கொண்டு ஊர் ஊராகப் பேரகணிக்கு நடப்பார்களாம். "நீயும் வா தம்பி" என்றார் அண்ணன். "நீ கொண்டு வந்திருக்கிற அந்த ட்ரோன் மட்டும் வேண்டாம்."