ஜன்னல் சீட் எனக்கு வேண்டாம்

போன வருஷம் கொலோனோஸ்கோபி (பெருங்குடலுக்குள்ள கேமரா விட்டுப் பாக்குற டெஸ்ட்) ரிப்போர்ட் கைக்கு வந்தப்ப ஆஸ்பத்திரி வராண்டாலயே அழுதுட்டேன், எங்க வீட்டுக்காரர் பயந்துபோய் என் கையிலேர்ந்து பேப்பரப் புடுங்கிப் பாக்குறார், அதுல ஒண்ணுமே இல்ல. எல்லாம் நார்மல். அதுக்குத்தான் அழுகை. முந்தின நாள் ராத்திரி அந்த உப்புக் கரைசல மூக்கப் பொத்திக்கிட்டு டம்ளர் டம்ளரா குடிச்சு, விடிய விடிய பாத்ரூமுக்கும் கட்டிலுக்கும் நடந்தவளுக்கு, ஒரு சின்னப் புண்ணு, ஒரு வீக்கம், ஏதோ ஒண்ணு தெரிஞ்சா போதும்னு இருந்துச்சு. வீட்டுக்கு வந்தா மாமியார், "அதான் ஒண்ணும் இல்லன்னுட்டாங்கள்ல, இனிமே மனச தைரியமா வச்சுக்கம்மா"ன்னாங்க. நல்ல மனசோடதான் சொன்னாங்க, ஆனா அன்னிக்கு அது காதுல ஈயமா விழுந்துச்சு.

நான் திருச்சியில ப்ளஸ் டூ கணக்கு டீச்சர். எட்டு வருஷமா வயிறு இப்படித்தான், எப்ப கலக்கும்னே தெரியாது. காலையில பஸ் ஏறி ஸ்கூல் போய்ச் சேர்ற வரைக்கும் பச்சத் தண்ணி பல்லுல படாது. ஜன்னல் சீட் காலியா இருந்தாலும் ஓரத்துலதான் உக்காருவேன், வயித்த கலக்குச்சுன்னா சட்டுன்னு இறங்கணுமே. வழியில எந்த பெட்ரோல் பங்க்ல டாய்லெட் இருக்கு, எதுல தண்ணி வரும், எதுல தாழ்ப்பாள் இல்ல, எல்லாம் மனப்பாடம். பப்ளிக் எக்ஸாம் ஹால் டூட்டின்னா முந்தின நாள் மத்தியானத்துலேர்ந்தே சாப்பாட்ட நிறுத்திருவேன், பத்து மணிலேர்ந்து ஒண்ணேகால் வரைக்கும் ஹால விட்டு வெளிய வர முடியாது, பசங்க லாக் டேபிள் கேக்குறப்ப நான் கால் விரல மடக்கிக்கிட்டு நின்னுட்டு இருப்பேன்.

இதுக்கு டாக்டருங்க வச்ச பேரு ஐபிஎஸ், இரிட்டபிள் பவல் சிண்ட்ரோம், அதாவது டெஸ்ட்ல ஒண்ணும் தெரியாமலே வலியும் கலக்கலுமா படுத்துற குடல் கோளாறு. இத எங்க சித்தப்பாகிட்ட சொன்னப்ப "ஐபிஎஸ்ஸா? எந்த ஸ்டேட் கேடர்?"னு கேட்டார். சிரிச்சேன், வேற என்ன பண்றது.

இது பங்ஷனல் கோளாறுன்னு சொல்ற கூட்டத்துல ஒண்ணு. ஸ்கோப் போட்டா குடலோட உள்பக்கம் எப்படி இருக்குன்னு தெரியும், ஆனா அது எப்படி வேலை செய்யுது, உணர்ச்சி நரம்பு எவ்ளோ கூச்சமா இருக்குங்குறது கேமராவுல விழாது. 1973லயே ரிச்சின்னு ஒருத்தர் இங்கிலாந்துல குடலுக்குள்ள சின்ன பலூன விட்டுக் காத்து ஊதிப் பாத்திருக்கார், மத்தவங்களுக்கு ஒண்ணும் பண்ணாத அளவுக்கே இந்த நோயாளிகள்ல நெறைய பேருக்கு வலிச்சிருக்கு. அதாவது வலி நிஜம், அலாரம்தான் ரொம்பக் கீழ செட் ஆகியிருக்கு. 2016ல, இந்த மாதிரிக் கோளாறுகளுக்குன்னு பல நாட்டு டாக்டருங்க சேர்ந்து எழுதுற ரோம் ஃபோர் வரையறை வந்தப்ப பங்ஷனல்ங்குற வார்த்தைய ஓரங்கட்டிட்டு, குடலுக்கும் மூளைக்கும் நடுவுல நடக்குற பேச்சுவார்த்தைல வர்ற கோளாறுன்னு பேர மாத்துனாங்க. ரொம்ப சரி. நம்ம ஊர்ல பங்ஷனல்னு எழுதிக் குடுத்தா "சும்மா"ன்னுதான் அர்த்தம் பண்ணிக்குறாங்க.

நான் மட்டும்தான் இப்படின்னு நெனச்சுட்டு இருந்தேன். 33 நாட்டுல 73,000 பேருக்கு மேல கேட்டு 2021ல ஒரு பெரிய ஆய்வு வந்திருக்கு, அதுல இன்டர்நெட் வழியா பதில் சொன்னவங்கள்ல நூத்துக்கு 40 பேருக்கு இந்த வகைக் கோளாறு ஏதாவது ஒண்ணு இருந்திருக்கு. இந்தியாவுல வீடு வீடா போய் நேர்ல கேட்டாங்க, அப்படி நேர்ல கேட்ட நாடுகள்ல பாதி அளவுதான், 20 சொச்சம். இதுக்கு நெறைய காரணம் இருக்கலாம், ஆனா எனக்குத் தோணுறது ஒண்ணுதான், கிளிப்போர்டோட ஒரு ஆள் வாசல்ல வந்து நின்னு மோஷன் எப்படிப் போகுதுன்னு கேட்டா, உள்ள ஹால்ல மாமனார் பேப்பர் படிச்சுட்டு இருக்குறப்ப, நான் என்னத்தச் சொல்லுவேன்?

முதல் டாக்டர் ரிப்போர்ட்டப் பொரட்டிட்டு "டென்ஷனக் குறைங்க மேடம்"னு ரெண்டு நிமிஷத்துல அனுப்பிட்டார். அவர் பேரெல்லாம் வேணாம். ரெண்டாவதா பாத்த டாக்டர் ரிப்போர்ட்ட ஓரமா வச்சுட்டு, "இந்த வயித்தால நீங்க எதையெல்லாம் விட்டுட்டீங்க?"ன்னு கேட்டாங்க. எட்டு வருஷத்துல அப்படி ஒருத்தரும் கேட்டதில்ல. நான் சொல்லச் சொல்ல நீண்டுக்கிட்டே போச்சு, மதுரைல கல்யாணம் காதுகுத்துன்னு எதுக்கும் மூணு வருஷமா போகல, பசங்க டூர் கூட்டிட்டுப் போற டீச்சர் லிஸ்ட்ல பேர் குடுக்கல, ஹெச்.எம். ப்ரமோஷன் வந்தா மீட்டிங் மீட்டிங்கா உக்காரணுமேன்னு அதுக்கும் எழுதிக் குடுக்கல, அப்புறம் எங்க வீட்டுக்காரர் பக்கத்துல இருந்ததால சொல்லத் தயங்குன ரெண்டு விஷயம். அவர் கேட்டுட்டு வாயத் தொறக்கல. வெளிய வந்து வண்டிய எடுக்கறப்ப, "ப்ரமோஷன் விஷயம் எனக்குத் தெரியாதே"ன்னார்.

அந்த டாக்டர், ஐபிஎஸ்ஸால வாழ்க்கைத் தரம் எவ்ளோ பாதிக்குதுன்னு பாக்குற ஒரு கேள்வித்தாள் குடுத்தாங்க. 1998ல அமெரிக்காவுல, நோயாளிகள்கிட்ட பேசிப் பேசியே உருவாக்குனது, 34 கேள்வி, ஒவ்வொண்ணுக்கும் 1லேர்ந்து 5 வரைக்கும் மார்க், மார்க் கூடக் கூட தொந்தரவு கூடன்னு அர்த்தம். எத்தன தடவ போறீங்க, தண்ணியா கட்டியான்னு ஒண்ணும் இல்ல அதுல. வயித்தால எரிச்சல் வருதா, பிடிச்சதச் சாப்பிட முடியாம இருக்கா, வெளியூர்ப் பயணத்தத் தவிர்க்கிறீங்களா, நம்மகிட்ட நாத்தம் வருமோன்னு கூச்சமா இருக்கா, நெருங்குனவங்களோட உறவு பாதிக்குதா, இப்படி. ராத்திரி பசங்க தூங்குனப்புறம் சமையல்கட்டு மேடையில வச்சு டிக் அடிச்சேன். கணக்கு டீச்சர் இல்லையா, நானே கூட்டிட்டேன். 112 வந்துச்சு. அதத் திருப்பிப் போட்டு நூத்துக்கு மாத்துனா 43 தான், நூறுன்னா வயித்தால ஒரு தொந்தரவும் இல்லாத வாழ்க்கைன்னு அர்த்தம். என் வாழ்க்கைக்கு யாரோ பேப்பர் திருத்தி ஜஸ்ட் பாஸ் போட்ட மாதிரி இருந்துச்சு.

அப்புறம் தேடித் தேடிப் படிச்சேன். 2009ல வந்த ஒரு சர்வேல 1,966 ஐபிஎஸ் நோயாளிகள்கிட்ட, முழுசா சரியாகுறதுக்கு ஆயுசுல எவ்ளோ குடுப்பீங்கன்னு கேட்டிருக்காங்க, சராசரியா 15 வருஷம்னு பதில் வந்திருக்கு. வெளி ஆளுங்களுக்கு இது பைத்தியக்காரத்தனமாத் தெரியும். எனக்குத் தெரியல. ஐபிஎஸ்ஸுக்குன்னு அலோசெட்ரான்னு ஒரு மாத்திரை 2000ல அமெரிக்காவுல வந்துச்சு, குடலுக்கு ரத்த ஓட்டம் கொறஞ்சு சிலருக்கு ஆபத்தாகி அதே வருஷம் நவம்பர்ல கம்பெனியே வாபஸ் வாங்கிருச்சு, அதுக்கப்புறம் நடந்ததுதான் விஷயம், நோயாளிகளே கடிதம் மேல கடிதம் போட்டு எங்களுக்கு அது வேணும்னு கேட்டு, 2002ல கட்டுப்பாடுகளோட திரும்ப வந்துச்சு. ஆபத்து தெரிஞ்சே கேட்டிருக்காங்கன்னா வீட்டுக்குள்ள எவ்ளோ அடைஞ்சு கெடந்திருப்பாங்க!

என்னைய ரொம்ப நேரம் யோசிக்க வச்சது பாஸ்டன்ல காப்சக்னு ஒரு ஆராய்ச்சியாளரோட குழு பண்ணி 2008ல வெளிவந்த ஆய்வு. 262 ஐபிஎஸ் நோயாளிகள், மூணு குரூப். ஒரு குரூப் சும்மா வெயிட்டிங் லிஸ்ட்ல. ஒரு குரூப்புக்கு உள்ள இறங்காத பொய் ஊசி வச்சு அக்குபஞ்சர், ஆனா ஊசி வைக்கிறவர் பெருசா பேச மாட்டார். மூணாவது குரூப்புக்கும் அதே பொய் ஊசிதான், ஆனா முதல்ல 45 நிமிஷம் உக்காந்து கத கேப்பார், ஆறுதலா பேசுவார். மூணு வாரம் கழிச்சு நல்லா இருக்குன்னு சொன்னவங்க 28, 44, 62 சதவீதம். வாழ்க்கைத் தர மார்க்கும் அதே மாதிரி ஏறியிருக்கு. அப்போ எல்லாம் மனப்பிரமைதானேன்னு எங்க சித்தப்பா ஆரம்பிச்சார். இல்ல சித்தப்பா, குடலும் மூளையும் ஒரே லைன்ல பேசிக்குதுன்னா, மனுஷங்க நம்மகிட்ட பேசுற விதமும் அந்த லைன்லதானே போகும்.

எனக்கு மருந்தும் உண்டு. அமிட்ரிப்டிலின் 10 மில்லிகிராம், ராத்திரி. எங்க வீட்டுக்காரர் போன்ல தேடிப் பாத்துட்டு "இது டிப்ரஷன் மாத்திரைல்ல?"ன்னு அட்டையக் காட்டுறார். கம்மி டோஸ்ல இது குடல் நரம்பு வலியக் குறைக்கக் குடுக்குறது, 2023ல இங்கிலாந்துல 463 பேர் மேல பண்ணுன ட்ரயல்ல வேலை செய்யுதுன்னு காட்டியிருக்காங்க. வாய் காயுது, காலையில கொஞ்சம் மந்தமா இருக்கு, சமாளிக்கலாம். வெங்காயம், பூண்டு, கோதுமை, பருப்புவகைய கொஞ்ச நாள் நிறுத்தி ஒண்ணொண்ணா திரும்பச் சேர்க்கச் சொன்னாங்க. பூண்டு இல்லாத ரசமா? மாமியாரே பெருங்காயத்தத் தூக்கலாப் போட்டு வச்சுக் குடுத்தாங்க, ஆனா டப்பாவுல வர்ற கூட்டுப் பெருங்காயத்துல கோதுமை மாவு கலந்திருக்கும், லேபிளப் பாத்து வாங்குங்க.

ஒண்ணு சொல்லிடுறேன், மோஷன்ல ரத்தம் போகுது, எடை தானா குறையுது, ராத்திரி வயித்து வலியில தூக்கம் கலையுது, ரத்தசோகைன்னு யாராவது சொன்னா, அது ஐபிஎஸ்தான்னு நீங்களே முடிவு பண்ணிக்காதீங்க, உடனே டாக்டரப் பாருங்க.

எட்டு மாசம் கழிச்சு அதே கேள்வித்தாள், அதே மேடை. கூட்டுனா 88, நூத்துக்கு 60. 14 புள்ளியாவது ஏறுனா நிஜமான முன்னேற்றம்னு ஆய்வுகள்ல எடுத்துக்குறாங்க, எனக்கு 17. போன ஆவணில மதுரைல நாத்தனார் பொண்ணு கல்யாணத்துக்குப் போனேன், பந்தியிலயும் உக்காந்தேன், சாம்பார ஒதுக்கிட்டு மோர் சாதம் ரெண்டு தடவ வாங்குனேன். போகும்போதும் வரும்போதும் பஸ்ல ஓரத்து சீட்தான். டாய்லெட் பக்கத்துல இருக்கணும்னு தோணுதாங்குற கேள்விக்கு மட்டும் ரெண்டு தடவையும் 5.