வெட்டித்தான் ஆக வேண்டும்: செக்கர்ஸ் தொடக்கங்களும் அவற்றில் ஒளிந்திருக்கும் பொறிகளும்

செக்கர்ஸ் என்பது சதுரங்கப் பலகையில் காய்களைக் குறுக்காக நகர்த்தி, எதிராளியின் காயைத் தாண்டி அதற்குப் பின்னாலுள்ள காலிக் கட்டத்தில் இறங்கி அதை வெட்டும் ஆட்டம். அதன் தொடக்கங்களை, அதாவது முதல் சில நகர்த்தல்களின் வரிசைகளைக் கற்க விரும்புகிறவர்கள் எல்லாவற்றுக்கும் முன்பாக ஒரு விதியை மனத்தில் ஆழமாகப் பதித்துக்கொள்ள வேண்டும்: வெட்ட வாய்ப்பு இருந்தால் வெட்டியே தீர வேண்டும். நம் வீடுகளில் ஆடும் ஆடுபுலி ஆட்டத்தில் எதிரே ஆடு இருந்தாலும், அதைத் தாண்டுவதா வேண்டாமா என்பதைப் புலியை ஆடுகிறவர் தீர்மானித்துக்கொள்ளலாம். செக்கர்ஸில் அந்தச் சலுகை கிடையாது. எதிராளி தன் காயைக் கொண்டுவந்து நம் முன்னால் வைத்து, அதன் பின்கட்டத்தையும் காலியாக விட்டிருந்தால், அது நமக்கு வைத்த குழி என்று நன்றாகத் தெரிந்தாலும் நாம் அதில் இறங்கியாக வேண்டும். இந்த ஆட்டத்தின் பொறிகள் அத்தனையும் இந்த ஒரு கட்டாயத்திலிருந்தே பிறக்கின்றன என்பதும், தொடக்கம் கற்பது என்றால் அந்தக் கட்டாயம் எந்தக் காயை எந்தக் கட்டத்துக்கு இழுத்துச் செல்லும் என்பதை முன்கூட்டியே பார்க்கப் பழகுவது என்பதும் என் உறுதியான கருத்து.

வியாசர்பாடியிலும் புளியந்தோப்பிலும் தண்டையார்பேட்டையிலும் பலகை விளையாட்டு என்றால் கேரம்தான். 2024இல் அமெரிக்காவில் நடந்த கேரம் உலகக் கோப்பையில் மூன்று தங்கப் பதக்கங்கள் வென்ற காசிமா வடசென்னைப் பெண் என்பதை இங்கே சிறு பிள்ளைகளும் சொல்லுவார்கள். எங்கள் தெருவில் உள்ள கேரம் மன்றத்தில் பலகை காலியாகும்வரை காத்திருக்கும் நேரத்தில் ஆடப்படும் ஆட்டமாகத்தான் செக்கர்ஸ் நுழைந்தது. கேரம் காய்கள் நிறத்துக்கு ஒன்பதுதான். செக்கர்ஸுக்கோ ஆளுக்குப் பன்னிரண்டு வேண்டும். ஆகவே பெட்டிக்கடையில் கேட்டு வாங்கிவந்த சோடா மூடிகளும் பொவன்டோ மூடிகளும் காய்களாயின. மூடியைக் கவிழ்த்து வைத்தால் சாதாரணக் காய், மல்லாத்தி வைத்தால் ராஜா, அதாவது எதிர்முனை வரிசையை எட்டி, பின்னோக்கியும் நகரும் உரிமை பெற்ற காய். அட்டையில் பேனாவால் வரைந்த கட்டங்களின் மேல் போரிக் பவுடர் படிந்திருக்கும். மூடி அதன்மேல் வழுக்கிக்கொண்டு போகும். அங்கே உட்கார்ந்து ஆடுகிற பிள்ளைகளின் கண்ணும் கையும் கூர்மையானவை. அவர்களுக்கு எழுத்தில் ஒரு வழிகாட்டி வேண்டும் என்பதற்காகவே இதை எழுதுகிறேன்.

முதலில் குறியீட்டைப் பார்த்துவிடலாம். ஆட்டம் நடப்பது 32 கறுப்புக் கட்டங்களில் மட்டுமே. கறுப்புக் காய்களை ஆடுபவர் தமக்கு அருகிலுள்ள வரிசையில் வலக்கையோரத்திலிருந்து தொடங்கி 1, 2, 3, 4 என்றும், அடுத்த வரிசையில் மீண்டும் வலமிருந்து 5 முதல் 8 வரையும் எண்ணிக்கொண்டே போனால், எதிர்முனையில் 32இல் முடியும். கறுப்புக் காய்கள் 1 முதல் 12 வரை நிற்கும். வெள்ளைக் காய்கள் 21 முதல் 32 வரை நிற்கும். கறுப்பு முதலில் ஆடும். 11-15 என்றால் 11இல் இருந்த காய் 15க்குப் போகிறது என்று பொருள். வெட்டும் அதே முறையில்தான் எழுதப்படும். அட்டையின் கட்டங்களில் மூலையோரமாக எண்களைச் சிறிதாக எழுதி வைத்துக்கொண்டால் ஓரிரு மாலைகளில் எண்கள் மனத்தில் தங்கிவிடும்.

கறுப்புக்கு முதல் நகர்த்தலாக ஏழு வழிகள் மட்டுமே உண்டு: 9-13, 9-14, 10-14, 10-15, 11-15, 11-16, 12-16. வெள்ளைக்கும் பதிலாக ஏழு வழிகள். ஆக, இரு தரப்பும் ஒருமுறை ஆடி முடிக்கும்போது பிறக்கக்கூடிய நிலைகள் 49. இவற்றில் பலவற்றுக்கு எடின்பரோ, டண்டீ, கெல்சோ, பிரிஸ்டல், ஏர்ஷயர் லாஸி என்று ஊர்ப்பெயர் ஒட்டிய பெயர்கள் உண்டு. ஸ்காட்லாந்திலும் இங்கிலாந்திலும் இந்த ஆட்டம் எவ்வளவு ஊன்றி ஆடப்பட்டது என்பதற்கு அவை சான்று. கற்கத் தொடங்குபவருக்கு நான் பரிந்துரைப்பது 11-15. காய் நடுப்பகுதிக்கு வருகிறது, அங்கிருந்து இரு பக்கமும் போகலாம், பின்னாலுள்ள காய்களுக்கும் வழி திறக்கிறது. 9-13, 12-16 போன்றவை காயை ஓரத்துக்கோ ஓரத்தை ஒட்டியோ கொண்டுபோகின்றன. ஓரத்துக் காயை யாரும் தாண்ட முடியாது என்பது பாதுகாப்புதான், ஆனால் அந்தக் காய்க்கும் முன்னேற ஒரே வழிதான் மிஞ்சும்.

அந்த 49இல் இரண்டு, ஆட்டம் தொடங்கிய உடனேயே வெள்ளைக்கு ஒரு காயை இழக்க வைப்பவை. கறுப்பு 9-14 அல்லது 10-14 ஆடியதும் வெள்ளை 21-17 ஆடினால், 14இல் உள்ள கறுப்புக் காய் 17ஐத் தாண்டி, சற்றுமுன் காலியான 21இல் போய் அமர்ந்துகொள்ளும். 21 ஓரக் கட்டம். அங்கே உட்கார்ந்த காயைத் திருப்பி வெட்ட வழியே இல்லை. ஆனால் இதைக் கேட்டுவிட்டு 21-17 என்பதே தவறான நகர்த்தல் என்று முடிவு கட்டிவிடக் கூடாது. கறுப்பு 11-15 ஆடியிருக்கும்போது அதே 21-17 ஒரு சிறந்த ஆயுதம். அதற்கு ஸ்விட்சர் என்று பெயர். மாடு ஓட்டும் பையனாக இருந்ததால் ஹெர்ட் லாடி என்று அழைக்கப்பட்டவரும் 19ஆம் நூற்றாண்டின் பெரும் ஆட்டக்காரருமான ஸ்காட்லாந்தின் ஜேம்ஸ் வில்லி அதைக் கொண்டு எத்தனையோ பேரைத் திணறடித்தார். வேறுபாடு எங்கே இருக்கிறது? இங்கே கறுப்புக் காய் இன்னும் 14க்கு வரவில்லை. அது 9-14 என்று வந்து 17ஐக் குறிவைத்தாலும், அடுத்த முறை வெள்ளையுடையது. 25-21 என்று ஆடிப் பின்கட்டத்தை அடைத்துவிட்டால் வெட்டு இல்லை. காலிக்கட்டம் இரண்டு ஆட்டங்களிலும் ஒன்றே. அதை அடைக்க ஒரு முறை கிடைக்கிறதா இல்லையா என்பதில்தான் எல்லாம் அடங்கியிருக்கிறது.

எங்கள் மன்றத்தில் ரயில்வே பணியிலிருந்து ஓய்வுபெற்ற பெரியவர் ஒருவர் பிள்ளைகள் ஆடுவதைப் பின்னால் நின்று பார்ப்பார். யாராவது அவசரப்பட்டுக் கையை நீட்டினால், “தம்பி, பின்னாடி கட்டம் காலியா கீது, பாத்தியா?” என்று மட்டும் கேட்பார். தொடக்கம் பற்றிய நூல்களின் பாதியை அந்த ஒரு கேள்விக்குள் அடக்கிவிடலாம் என்றே நான் நம்புகிறேன்.

அந்தக் கேள்வியை ஒரு புகழ்பெற்ற தொடக்கத்தின் மேல் வைத்துப் பார்ப்போம். 11-15, 23-19, 8-11, 22-17, 4-8 என்ற வரிசைக்கு ஓல்ட் ஃபோர்ட்டீன்த் என்று பெயர். இதில் ஐந்தாவதாக வரும் 4-8 பார்ப்பதற்கு வேலையற்ற நகர்த்தல்போலத் தோன்றும். யாரையும் தாக்கவில்லை, எங்கும் முன்னேறவில்லை. அதை விட்டுவிட்டுக் கறுப்பு நேராக 15-18 என்று பாய்ந்தால் என்ன ஆகும்? வெள்ளை 26-22 ஆடும். இப்போது 22இல் உள்ள வெள்ளைக் காய் 18ஐத் தாண்டி 15இல் இறங்கி, அங்கிருந்து 11ஐயும் தாண்டி, காலியாகக் கிடக்கும் 8இல் போய் நிற்கக் காத்திருக்கிறது. கறுப்பு இதைக் கவனிக்காமல் வேறெதையாவது ஆடினால் இரண்டு காய்கள் போகும்; 4இல் உள்ள காயைக் கொண்டு திருப்பி எடுக்க முடிவது ஒன்றுதான். கவனித்தால் தப்பலாம்: 11-15 ஆடி இறங்குமிடத்தை அடைக்கலாம், அல்லது அப்போதாவது 4-8 ஆடி இரண்டாவது தாவலைத் தடுத்து, ஒன்றுக்கு ஒன்று என்று முடித்துக்கொள்ளலாம். ஆனால் 4-8ஐ அதன் இடத்திலேயே ஆடியவருக்கு இந்தக் கவலையே வருவதில்லை. தொடக்க வரிசைகளை மனப்பாடம் செய்பவர் 4-8 என்பதை ஓர் எண்ணாகவே நினைவில் வைத்திருப்பார். 8 காலியாக இருந்தால் நேரக்கூடியதைப் பார்த்தவர் எண்ணை மறந்தாலும் நகர்த்தலை மறக்க மாட்டார்.

இனி நான் மிகவும் நேசிக்கும் ஒரு வரிசை. சிங்கிள் கார்னர் என்ற தொடக்கத்தில் வருவது. பழைய ஆட்டப் பதிவுகளில் திரும்பத் திரும்பக் காணப்படுவது. காய்களை அடுக்கி வைத்துக்கொண்டு படிப்பது நல்லது. 11-15, 22-18, 15-22, 25-18, 8-11, 29-25, 4-8, 25-22, 12-16, 24-20, 10-15, 27-24. இதுவரை ஆளுக்கு ஒரு காய் போயிருக்கிறது. வெள்ளையின் அமைப்பு நெருக்கமாகவும் உறுதியாகவும் தெரிகிறது. ஆனால் 29-25, 25-22 என்று முன்னேறியதில் 25, 29 ஆகிய இரண்டு கட்டங்களும் வெறுமையாகிவிட்டன என்பதைப் பெரியவரின் கேள்வியோடு பார்ப்பவர் உடனே காண்பார்.

கறுப்பு 15-19 என்று ஒரு காயைக் கொடுக்கிறது. வெள்ளைக்கு 24-15 என்று வெட்டுவதைத் தவிர வேறு வழியில்லை. அடுத்து 16-19 என்று இன்னொன்று. அதற்கும் 23-16 மட்டுமே பதில். பிறகு 9-14 என்று மூன்றாவது காய். 18-9 என்று வெள்ளை அதையும் எடுத்தாக வேண்டும். அந்த மூன்றாவது வெட்டில்தான் 18ஆம் கட்டம் காலியாகிறது. அதற்காகவே மூன்று காய்களும் செலவாயின. இப்போது 11இல் அசையாமல் காத்திருந்த கறுப்புக் காய் 15ஐத் தாண்டி 18இல் இறங்கி, அங்கிருந்து 22ஐத் தாண்டி 25இல் போய் அமர்கிறது. 9இல் வந்து நிற்கும் வெள்ளைக் காய்க்குப் போக்கிடம் இல்லை. அடுத்த முறை 5 அல்லது 6 அதை எடுத்துக்கொள்ளும். மூன்றுக்கு மூன்று. 25இல் உள்ள காயைத் தடுக்க யாருமில்லை; ஓரடி வைத்தால் 29இல் ராஜா. முதன்முறையாக இதை ஆடிக் காட்டியபோது கேரம் ஆடிக்கொண்டிருந்தவர்களும் ஸ்ட்ரைக்கரைக் கீழே வைத்துவிட்டு எழுந்து வந்தார்கள்.

இந்த வரிசையின் அழகு இத்தோடு முடிவதில்லை என்பதே அதை நான் நேசிக்கக் காரணம். ராஜா வந்ததும் வெள்ளை தோற்றுவிட்டது என்று எண்ணுகிறவர், வெள்ளை தன் 30, 26 ஆகிய இரு காய்களையும் அசைக்காமல் வைத்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். கறுப்பு 25-29 என்று ராஜா எடுத்த உடனே வெள்ளை 30-25 ஆடும். ராஜாவானாலும் வெட்டும் கட்டாயத்திலிருந்து அதற்கும் விலக்கு இல்லை. 29-22 என்று அது தாண்டியாக வேண்டும். தாண்டியதும் 26-17 என்று வெள்ளை அதைத் தூக்கிவிடும். சாதாரணக் காய் ஒன்றைக் கொடுத்து ராஜாவை எடுத்தாயிற்று, காய்க் கணக்கும் மீண்டும் சமம். அதே விதி கறுப்புக்காகவும் உழைத்தது, வெள்ளைக்காகவும் உழைத்தது. தொடக்கம் தெரிந்த இருவர் ஆடினால் இந்தப் பொறி ஒருவரையும் வீழ்த்துவதில்லை. 30ஐயோ 26ஐயோ முன்பே நகர்த்திவிட்டவரைத்தான் அது வீழ்த்தும்.

பெரிய ஆட்டக்காரர்கள் நடுவே தொடக்கங்கள் இப்படித் துருவி ஆராயப்பட்டதால் ஆட்டங்கள் தொடர்ச்சியாகச் சமனில் முடியத் தொடங்கின. அதனால்தான் போட்டிகளில் முதல் சில நகர்த்தல்களைச் சீட்டுக் குலுக்கித் தீர்மானிக்கும் முறை வந்தது. இன்று வழக்கில் உள்ளது முதல் மூன்று நகர்த்தல்களைக் குலுக்கி எடுக்கும் முறை. ஒரே தொடக்கத்தை இருவரும் பக்கம் மாறி ஆளுக்கொரு முறை ஆடுவதால், கெட்ட தொடக்கம் யாருக்கும் அநியாயம் செய்வதில்லை. தனக்குப் பிடித்த ஒரே வரிசையை வைத்துக்கொண்டு காலம் தள்ள முடியாது என்பதால் இந்த முறை எனக்கு மிகவும் பிடிக்கும்.

அமெரிக்கக் கணிதப் பேராசிரியரான மேரியன் டின்ஸ்லி (1927-1995) பல பத்தாண்டுகளில் தோற்ற ஆட்டங்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். கனடாவின் ஆல்பர்ட்டா பல்கலைக்கழகத்தில் ஜொனாதன் ஷேஃபர் குழுவினர் 1989இல் உருவாக்கத் தொடங்கிய சினூக் என்ற கணினி நிரலை, 1992இல் லண்டனில் அவர் நான்கு வெற்றி, இரண்டு தோல்வி, 33 சமன் என்ற கணக்கில் வென்றார். 2007இல் அதே குழுவினர், இரு தரப்பும் தவறே செய்யாமல் ஆடினால் செக்கர்ஸ் சமனில்தான் முடியும் என்று நிறுவிவிட்டார்கள். ஆட்டத்தில் வரக்கூடிய நிலைகள் ஏறத்தாழ 5க்குப் பின் 20 சுழியங்கள். விடை தெரிந்துவிட்ட ஆட்டத்தை ஏன் கற்க வேண்டும் என்று சிலர் கேட்கிறார்கள். அந்த விடை இருப்பது கணினியில். மூடியைக் கையில் பிடித்துக்கொண்டு யோசிக்கும் பிள்ளையின் தலைக்குள் அது இல்லை. அவனுக்கு ஒவ்வொரு நிலையும் புதிது.

பயிலும் முறை பற்றி ஒன்றிரண்டு சொல்ல வேண்டும். ஒரு பொறியைக் கற்றவுடன் அதை எதிராளியிடம் பரீட்சித்துப் பார்க்கத் துடிக்காமல், பலகையைத் திருப்பி வைத்து, மாட்டிக்கொள்ளும் பக்கத்திலிருந்து ஆடிப் பார்க்க வேண்டும். எந்த நகர்த்தல்வரை தனக்கு வேறு வழி இருந்தது என்று பின்னோக்கித் தேட வேண்டும். மேலே சொன்ன ஓல்ட் ஃபோர்ட்டீன்த் உதாரணத்தில் அந்த இடம் 26-22க்குப் பிறகும் இருந்தது. 21-17 தவறில் அது 17இல் காயை வைத்த கணமே போய்விட்டது. இப்படித் தேடிக் கண்டவை எளிதில் மறப்பதில்லை. அடுத்து, கறுப்பின் 1, 3 ஆகிய பின்வரிசைக் காய்களையும் வெள்ளையின் 30, 32 ஆகியவற்றையும் கூடுமானவரை அசைக்காமல் வைத்திருக்க வேண்டும். இந்த இரண்டு காய்களும் நிற்கும்வரை ஒற்றைக் காய் ஒன்று உள்ளே புகுந்து ராஜா எடுப்பது கடினம். கைபேசிச் செயலிகளில் பழகுகிறவர்கள் அமைப்புகளைத் திறந்து, வெட்டு கட்டாயம் என்பது இயக்கப்பட்டிருக்கிறதா என்றும், ராஜா ஒரு கட்டம்தான் நகர்கிறதா என்றும் பார்த்துக்கொள்ள வேண்டும். சில செயலிகளில் ராஜா நெடுந்தூரம் பறக்கும். அது வேறு வகை ஆட்டம், அங்கே இந்த வரிசைகள் பொருந்தா.

இப்போது எங்கள் மன்றத்தில் 11-15க்கு வெள்ளை தரக்கூடிய ஏழு பதில்களையும் ஒவ்வொன்றாக எடுத்துக்கொண்டிருக்கிறோம். 22-18, 21-17 இரண்டையும் ஓரளவு பார்த்தாயிற்று. அடுத்தது 24-19. அதில் 15-24, 28-19 என்று முதல் மூச்சிலேயே ஒரு பரிமாற்றம் நடந்து, வெள்ளையின் இடப்பக்கமா வலப்பக்கமா எது பலவீனமாகிறது என்ற வாக்குவாதம் பிள்ளைகளுக்குள் ஏற்கெனவே தொடங்கிவிட்டது. அதைத் தீர்த்த பிறகுதான் 23-19. அதன் கிளைகள் மிகப் பல என்பதால் அதற்குத் தனியாக எழுதுகிறேன்.