71ஆம் முன்மொழிவு: நோயாளிகள் பிடித்துக்கொண்ட ஷரத்துகள்

2001 ஆகஸ்டில் அமெரிக்க அதிபர் புஷ், அன்றுவரை உருவாக்கப்பட்டிருந்த கரு ஸ்டெம் செல் வரிசைகளை (ஆரம்பநிலைக் கருவிலிருந்து எடுத்து ஆய்வகத்தில் வளர்க்கும், எந்த வகைத் திசுவாகவும் மாறக்கூடிய செல்கள்) வைத்து நடக்கும் ஆய்வுக்கு மட்டும்தான் மத்திய அரசு நிதி என்று அறிவித்தார். வாஷிங்டன் கதவு கிட்டத்தட்ட மூடிவிட்டது. கலிபோர்னியாவின் நோயாளிக் குடும்பங்கள் நேராக வாக்காளர்களிடம் போயின. 2004 நவம்பரில், ஸ்டெம் செல் ஆய்வுக்கு மாநிலமே நிதி தரவும் அதைப் பகிர்ந்தளிக்க ஒரு மாநில நிறுவனம் அமைக்கவும் வழிசெய்யும் 71ஆம் முன்மொழிவு, மக்கள் நேரடி வாக்கெடுப்பில் 59% வாக்குகளோடு வென்றது. தொகை 300 கோடி டாலர்.

பார்கின்சன் நோயுள்ள நடிகர் மைக்கேல் ஜே. ஃபாக்ஸ் வந்த விளம்பரம்தான் பலருக்கு நினைவிருக்கும். ஆனால் காரியம் நடந்தது சட்ட வாசகத்தில். பணம் ஆண்டு பட்ஜெட்டிலிருந்து அல்ல, அரசுக் கடன் பத்திரங்களிலிருந்து. ஆண்டுக்கு 35 கோடிக்கு மேல் விற்கக் கூடாது. ஆட்சி மாறினாலும் யாரும் வெட்ட முடியாது. முதல் மூன்று ஆண்டுகள் சட்டமன்றம் அதில் கைவைக்கவே முடியாது. அதன் பிறகும் இரு அவைகளிலும் 70% ஆதரவு வேண்டும். 29 பேர் கொண்ட நிர்வாகக் குழுவில் 10 இடம் நோயாளர் பிரதிநிதிகளுக்கு. விண்ணப்பங்களை மதிப்பிடும் குழுவில் 15 விஞ்ஞானிகளோடு 7 நோயாளர் பிரதிநிதிகள். மனு கொடுத்துவிட்டு வாசலில் காத்திருக்கும் வேலையே இல்லை.

சறுக்கலும் அதே வாசகத்தில்தான் இருந்தது. வழக்குகள் தொடுக்கப்பட்டு 2007 மே வரை பத்திரம் விற்க முடியவில்லை. வழக்கில் தோற்றால் பணம் திரும்பாது என்று தெரிந்தே நன்கொடையாளர்கள் முன்பத்திரங்களை (பின்னால் விற்கப்போகும் பத்திரங்களை நம்பித் தரும் தற்காலிகக் கடன்) வாங்கினார்கள். 2006 ஜூலையில், ஸ்டெம் செல் ஆய்வுக்கான மத்திய நிதியை விரிவாக்கும் மசோதாவை புஷ் வீட்டோ செய்த மறுநாளே கலிபோர்னியா ஆளுநர் ஷ்வார்ஸ்நெகர் 15 கோடி டாலர் அரசுக் கடன் தர உத்தரவிட்டார்; இல்லாவிட்டால் நிறுவனம் முடங்கியிருக்கும்.

பெரிய ஓட்டை வேறு. நிதி கேட்கும் பல்கலைக்கழகங்களின் ஆட்களே நிர்வாகக் குழுவிலும் உட்கார்ந்தார்கள். ஆதாய முரண் என்ற புகார் ஓயவே இல்லை. 2012இல் அமெரிக்க மருத்துவக் கழகத்தின் (Institute of Medicine) ஆய்வறிக்கையும் குழுவின் அமைப்பை மாற்றச் சொன்னது. சீக்கிரம் மருந்து வரும் என்ற பிரசாரமும் திருப்பி அடித்தது. 2011இல் ஜெரான் நிறுவனத்துக்குத் தண்டுவடக் காய சோதனைக்காக 2.5 கோடி டாலர் கடன் ஒப்புக்கொள்ளப்பட்டது. அதே ஆண்டு நவம்பரில் நிறுவனம் பணப் பற்றாக்குறை சொல்லிச் சோதனையைக் கைவிட்டது.

2020இல் 14ஆம் முன்மொழிவு மேலும் 550 கோடி டாலர் கேட்டது. இம்முறை கிடைத்தது 51%தான். நிர்வாகக் குழு 35 ஆகப் பெருத்தது. ஆதாய முரண் சரியாகவில்லை. ஆனால் பழைய சட்டம் கவனிக்காமல் விட்ட ஒன்றை இது பிடித்தது: சோதனையில் சேரும் நோயாளிக்கும் கூட வருபவருக்கும் பயணம், தங்குமிடம், சாப்பாட்டுச் செலவுக்கு வழி, கண்டுபிடிப்புகளின் ராயல்டி வருமானத்திலிருந்து சிகிச்சைச் செலவுக்கு உதவி.