"இதில் பணிப்பாளர் எங்கே?"

நூதனசாலையியல் டிப்ளோமாவில் என் காலை வாரிவிட்ட கேள்வி இது: வளர்ந்துவரும் கலை நூதனசாலையொன்றின் பணிப்பாளரைத் தெரிவுசெய்து, அவரது பணிக்காலத்தை மதிப்பிடுக. நான் எடுத்தது நியூயோர்க் நவீன கலை நூதனசாலையின் முதல் பணிப்பாளர் அல்பிரட் பார். கண்காட்சிகள், ஆண்டுகள், ஓவியர்களின் பெயர்கள் என்று மனப்பாடம் செய்ததையெல்லாம் கொட்டினேன். புள்ளி 43. விடைத்தாளின் ஓரத்தில் ஒரே வரி: "இதில் பணிப்பாளர் எங்கே?" அன்று கோபம்தான் வந்தது.

இரண்டாம் தடவை கண்காட்சிகளை ஒதுக்கிவிட்டு, இடம் யாருடையது, காசு எங்கிருந்து வந்தது, அவரை வீட்டுக்கு அனுப்பும் அதிகாரம் யாரிடம் இருந்தது என்று தேடினேன். கதையே மாறிவிட்டது.

1929 நவம்பரில் 27 வயதுப் பாருக்குக் கிடைத்தது ஓர் அலுவலகக் கட்டடத்தின் 12ஆம் மாடியில் வாடகை அறைகள். பங்குச்சந்தை சரிந்து சில நாட்கள்தான் ஆகியிருந்தன. 1931இல், நூதனசாலையைத் தொடங்கியவர்களில் ஒருவரான லில்லி பிளிஸ் இறந்தபோது தன் ஓவியங்களை நூதனசாலைக்கு விட்டுச்சென்றார். ஆனால் நிரந்தர நிதி திரட்டிக் காட்ட வேண்டும் என்பது நிபந்தனை. பொருளாதார மந்தக் காலத்தில் அதற்கு 1934 வரை ஆனது. இடையில் பார் களைத்துப்போய் ஒரு வருடம் லீவு எடுத்தார். 1939இல் சொந்தக் கட்டடம் வந்தது. நான்கே வருடத்தில், 1943இல், அறங்காவலர்கள் அவரைப் பதவியிலிருந்து இறக்கினார்கள். மனிதர் வெளியேறவில்லை. நூலகத்தில் உட்கார்ந்து எழுதினார். 1947இல் சேகரிப்புகளின் பொறுப்பு அவர் கைக்கு வந்தது.

இந்த 1943ஐ முதல் தடவை நான் தொடவேயில்லை. மானக்கேடான விஷயம், எழுதுவானேன் என்று நினைத்தேன். புள்ளி அங்கேதான் கிடந்திருக்கிறது. இடம் பெருகப் பெருக நிர்வாக வேலையும் பெருகும். படம் தெரிவுசெய்வதும் எழுதுவதுமே உயிர் என்றிருப்பவருக்கு அந்தக் கதிரை எவ்வளவு நாள் பொருந்தும்? விடையை இந்த இடத்திலிருந்து தொடங்குங்கள்.

அப்புறம், வாசித்தால் மட்டும் போதாது. வெள்ளவத்தையில் 100ஆம் நம்பர் பஸ் ஏறிக் கொள்ளுப்பிட்டிக்குப் போங்கள். 2019 டிசம்பரில் ஒரு கோபுரக் கட்டடத்தில் தொடங்கிய எம்எம்சிஏ நவீன கலை நூதனசாலை, பிறகு கிறெஸ்கட் கடைத்தொகுதிக்கு இடம் மாறியது. பாரின் 12ஆம் மாடி எனக்கு அங்கேதான் புரிந்தது. சுவர்க் குறிப்புகளையும் பாருங்கள்: மும்மொழி. ஒவ்வொன்றுக்கும் மூன்று மடங்கு எழுத்து, மூன்று மடங்கு திருத்தம். இந்தத் தலையிடி பாருக்கு இருக்கவில்லை.

கொழும்பு தேசிய நூதனசாலை வேறு சாதி. 1877இல் ஆளுநர் கிரகரி காலத்தில் சொந்தக் கட்டடத்தோடே பிறந்தது. அங்கே வாடகைப் பேச்சே இல்லை, அரச நிர்வாகம்தான். ஒப்பிட நல்ல ஜோடி. நான் அதற்கு வந்தபோது பத்து நிமிடம்தான் மிச்சம். எழுத்து கோழி கிண்டியது போல. ஆனாலும் 68 வந்தது.

எம்எம்சிஏ பற்றி எழுதினால் பதவிப் பெயரில் கவனம். தொடக்கத்தில் அதை வழிநடத்திய ஷர்மினி பெரேராவின் பதவி தலைமை கியூரேட்டர், அதாவது கண்காட்சிகளுக்கும் சேகரிப்புக்கும் பொறுப்பானவர். பணிப்பாளர் என்று எழுதி நான் ஒரு புள்ளி இழந்தேன்.